ஓரத்து சீட்டின் எண்

அந்த அலுவலகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேய்க் கதை என்றால் மழை பெய்தாக வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை, என் கருவிப் பை நனைகிறதே என்பதுதான்.

நாங்கள் என்றால் நானும் என் தங்கையும். அவளைக் குட்டி என்று கூப்பிடுவோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அப்படிக் கூப்பிட உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். கட்டட வரைபடம் வரையப் படித்தவள். வேலை கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்து, பேச்சே குறைந்துபோயிருந்தாள். நான் நெட்வொர்க் வேலைக்குப் போகிற இடமெல்லாம், "ஒரு பொண்ணு இருக்கா, கை சுத்தமா வரைவா" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டுக் கேட்டு, கடைசியில் இந்த இடம் தலையசைத்தது. எனக்கு சர்வர் வேலை, அவளுக்கு முதல் நாள். இரண்டும் ஒரே நாளில் அமைந்தது நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பழைய மாடி வீடு ஒன்றை அலுவலகமாக்கியிருந்தார்கள். கீழே கூடத்தில் வரைகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர். மாடியில், கட்டப்போகிற கட்டடத்தை வண்ணப் படமாக்கிக் காட்டுகிறவர்கள். அவர்களுக்குப் புதிதாக மேக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எல்லோருடைய ஃபைல்களும் இருக்கிற லினக்ஸ் சர்வர், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஜன்னலில்லாத சாமான் அறையில்.

மேனேஜர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற ஆள்.

"கீழ போடுற படம் மேல திறக்க மாட்டேங்குது மேடம். மேல வைக்கறது கீழ வந்தா குப்பையா தெரியுது. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு பேச்சுவார்த்தை இல்லாத மாமியார் மருமக மாதிரி இருக்கு."

"அதுக்குத்தானே நடுவுல நான் வந்திருக்கேன்," என்றேன். குட்டி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

கூடத்தின் கடைசி மூலையில் ஒரு மேசை காலியாகக் கிடந்தது. கம்ப்யூட்டரை எடுத்துவிட்டார்கள். நெட்வொர்க் கேபிள் மட்டும் சுவரிலிருந்து தொங்கியது. நாற்காலி மேசையோடு ஒட்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தது.

"அங்க யாரு?" என்றேன்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ஓரத்து சீட் அக்கா. தவறிட்டாங்க. வேலை பார்த்துக்கிட்டே, அந்த இடத்துலயே. மேசைல தலை சாய்ச்சிருக்காங்க, தலைவலின்னு நினைச்சு நாங்க யாரும் எழுப்பல. சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

குட்டிக்கு மாடிப்படி ஓரமாக வேறு மேசை கொடுத்தார்கள். நல்லவேளை என்று பட்டது.

சாமான் அறைக் கதவைத் திறந்ததும் தலைவலித் தைலத்தின் நெடி மூக்கில் அடித்தது. பகலிலேயே கும்மிருட்டு. சர்வரின் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டியது. "தலைவலி வந்தா அந்தக்கா இங்கதான் வந்து விளக்க அணைச்சுட்டு உட்கார்ந்துப்பாங்க," என்று மேனேஜர் வாசலிலேயே நின்று சொன்னார். அவர் உள்ளே வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், வினையே இதில்தான் இருக்கிறது.

பெயர் நமக்குத்தான் முக்கியம். சர்வருக்குப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. ஓர் ஆளைச் சேர்த்தால் அவருக்கு ஓர் எண் கொடுக்கும். அவர் வைக்கிற ஒவ்வொரு ஃபைலின் மேலும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். பெயர் என்பது எண்ணின் மேல் ஒட்டிய காகிதம். காகிதத்தைக் கிழித்துப் போட்டாலும் ஃபைல்களில் எண் அப்படியே நிற்கும். அந்தக் காலி எண்ணை அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிட்டால், போனவரின் உடைமை முழுவதும் வந்தவருக்குச் சொந்தமாகிவிடும். அதனால் எங்கள் தொழிலில் முதல் பாடமே, போனவர் எண்ணை யாருக்கும் கொடுக்காதே என்பதுதான். புதிதாக வருகிற பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது.

மேக்குக்கும் விண்டோஸுக்கும் பொதுவான ஃபோல்டர் அமைத்தேன். யார் யார் எதைத் திறக்கலாம் என்று எழுதினேன். யூசர் பெயர்களில் ஓரத்து சீட் அக்காவின் பெயர் கடைசியாக இருந்தது.

"அவங்கதான் இல்லையே, எடுத்துடுங்க. ஆனா படமெல்லாம் வேணும், பத்து வருஷ வேலை," என்றார் மேனேஜர்.

பெயரை எடுத்தேன். ஃபைல்களை விட்டேன். பின்னால் குட்டி என் தோளைச் சுரண்டினாள்.

"அக்கா, சீக்கிரம்கா. எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. என் பேரப் போட்டுக் குடு."

போட்டேன். எண்ணைப் பார்க்கவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசிப் பெயரை எடுத்தால் அந்த எண் காலியாகும். உடனே ஒருத்தரைச் சேர்த்தால் அதே எண் அவர் தலையில் விழும். விழுந்தது.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இறந்தவரின் வரைபடங்கள் அத்தனையிலும் உரிமையாளர் இடத்தில் என் தங்கையின் பெயர்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "உனக்குச் சொத்து வந்திருக்குடி. ஓரத்து சீட் அக்கா எல்லாத்தையும் உன் பேருக்கு எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க."

எனக்குப் பின்னால் யாரோ நெட்டி முறித்தார்கள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"நெட்டி முறிக்காதடி, விரல் தடிச்சுடும்," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

குட்டி கூடத்தில், தன் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதே எண்ணை மாற்றியிருக்க வேண்டும். மாடியிலிருந்து யாரோ, "திறக்குது! திறக்குது!" என்று கத்தினார்கள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து கையைக் குலுக்கினார். வேலைதான் நடக்கிறதே, அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பையை மூடினேன்.

முதலில் நல்லதாகத்தான் தெரிந்தது. குட்டி வேலையில் கெட்டிக்காரி என்று மேனேஜரே போன் போட்டுச் சொன்னார். "பழைய படம் எது எங்க இருக்குன்னு கேட்ட உடனே சொல்லுது மேடம். பத்து வருஷமா இங்கயே இருந்த மாதிரி!" நான் பூரித்துப்போனேன். பாராட்டைக் கேட்டுப் பூரித்தேனே தவிர, அந்தக் கடைசி வார்த்தையை யோசிக்கவில்லை.

பிறகு தலைவலி வந்தது. வீடெல்லாம் தைல நெடி. பிறகு நெட்டி முறிக்கிற பழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு விரலாக. பிறகு ஒரு நாள், தன் மேசையை விட்டு ஓரத்து சீட்டுக்கே மாறிக்கொண்டாள்.

"அந்த இடம் எதுக்குடி?" என்றேன்.

"என் இடம்தானே," என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

குட்டி என்று கூப்பிட்டால் திரும்புவது நின்றது. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட வேண்டும். டாக்டரிடம் கூட்டிப்போனேன். களைப்பு, தூக்கமில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவின் புடவையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாருடையது என்று கேட்டாள். அன்றைக்கு நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காதபடி அழுதேன்.

அலுவலகத்துக்கு விடுமுறையான ஒரு காலையில், அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தில் ஒரு மரியாதைச் சிரிப்பு.

"நான் வீட்டுக்குக் கிளம்பறேங்க. ரொம்ப நாள் தங்கிட்டேன். நீங்க நல்லா பார்த்துக்கிட்டீங்க."

அவள் தோளைப் பிடித்தேன். "குட்டி, இதுதான்டி உன் வீடு."

"யாருங்க குட்டி?"

குடையைப் பிடுங்கினேன். அவளை அவள் அறைக்குள் தள்ளி உட்காரவைத்து, கையில் போனைத் திணித்து, வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பல நாளாகத் தெரிந்திருந்தது. நம்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சர்வர் வேலைக்கென்று கொடுத்த அலுவலகச் சாவி என்னிடம் ஒன்று உண்டு. உள்ளே யாருமில்லை. வெளியே மேகம் கவிந்து, மதியமே இருட்டிவிட்டது. ஓரத்து சீட் நாற்காலி மேசையைவிட்டுச் சற்று விலகி இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

படிக்கு அடியில் போய் லேப்டாப்பை சர்வரோடு இணைத்தேன். இப்போது யார் யார் ஃபைல் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வர் காட்டும். விடுமுறை நாளில் யாரும் இருக்கக் கூடாது.

ஒரே ஒரு பெயர் இருந்தது. என் தங்கையின் பெயர்.

இணைந்திருந்த கம்ப்யூட்டர், ஓரத்து சீட்டினுடையது. அக்கா இறந்ததும் எடுத்துவிட்டார்களே, அது. குட்டி அங்கே மாறியபோது வேறு கம்ப்யூட்டர்தான் வைத்தார்கள்.

எழுந்து போய்க் கூடத்தை எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு மின்சாரமே போடவில்லை. புதுக் கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது.

திரும்பி வந்தேன். திறந்திருந்தது ஒரே ஒரு வரைபடம். படிப்பதற்கு மட்டும் என்று அதை நானும் திறந்தேன்.

ஒரு வீட்டின் வரைபடம். சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு கூடம். சமையலறைச் சுவர் ஒரு பக்கம் கோணல். குளியலறை மூலையில் ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தத் தூணில் நான் எத்தனை தடவை முழங்கையை இடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு.

ஓர் அறையில் 'அக்கா' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'என் அறை'.

வாசல் கதவை வரைந்திருக்கவில்லை. அங்கே நேர்கோடாகச் சுவர்.

மூடினேன். மறுபடி திறந்தேன். அதற்குள் கூடத்து ஜன்னல் போயிருந்தது. அங்கேயும் சுவர்.

மூடினேன். திறந்தேன்.

குட்டி அறையின் கதவு பாதிதான் இருந்தது.

போன் அடித்தது. குட்டி. அவளுடைய சொந்தக் குரல், சின்ன வயசில் இருட்டுக்குப் பயந்து என் போர்வைக்குள் புகுந்துகொள்வாளே, அந்தக் குரல்.

"அக்கா... கதவு..."

"பூட்டியிருக்கேன்மா. சாவி என்கிட்ட இருக்கு. இதோ வந்துடறேன்."

"பூட்டலக்கா. கதவையே காணோம்."

வீட்டுக்கு ஓடவா? ஓடி, எந்தக் கதவைத் திறப்பேன்? சர்வரின் மின்சுவிட்சுக்கு என் கை போனது. விரல் அதில் பட்டதுதான் தாமதம், போனில் குட்டிக்கு மூச்சு முட்டியது. வாயைப் பொத்தின மாதிரி. கையை எடுத்தேன். மூச்சு திரும்பியது.

மறுபடி வைக்க எனக்கு தைரியம் இல்லை.

ஓரத்து சீட் அக்காவின் ஃபைல்கள் அத்தனையையும் குட்டியிடமிருந்து பிரித்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெற்று எண்ணுக்கு மாற்றினேன். மாறின. பெருமூச்சு விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, என் தங்கையின் பெயருக்கே திரும்பி வந்தன.

மறுபடி மாற்றினேன். மறுபடி வந்தன.

தைல நெடி என் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. நான் திரும்பவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

"அக்கா," என்றேன். "தெரியாம பண்ணிட்டேன். அவ சின்னப் பொண்ணு. இனிமேதான் வாழணும். அவள விட்டுடுங்க."

போனில் குட்டியின் அழுகை நின்றது. வேறு குரல் பேசியது. அலுத்துப்போன, சண்டைக்கு வராத ஒரு குரல்.

"எல்லாத்தையும் வச்சுக்கிட்டீங்க. என் பேர மட்டும் எடுத்தீங்க."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. எடுத்தது நான். திருப்பிக் கொடுத்துவிட்டால் போயிற்று. அதே எண்ணில் அவர் பெயரை மறுபடி எழுதிவிட்டு, குட்டிக்குப் புது எண் கொடுத்தால் தீர்ந்தது. "தரேன்க்கா, இதோ இப்பவே தரேன்," என்று விசைப்பலகையில் கையை வைத்தேன்.

அவர் பெயர் என்ன?

என் கையால் அழித்த பெயர். ஒரு தடவை எழுத்தெழுத்தாகத் தட்டிய பெயர். மண்டையைப் போட்டு உடைத்தாலும் வரவில்லை.

குட்டியின் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொண்டே, லேப்டாப்பிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"யாரு, ஓரத்து சீட் அக்காவா? அவங்க பேரு... இருங்க, நாக்கு நுனில இருக்கு... எல்லாரும் ஓரத்து சீட் அக்கான்னுதானே... ச்சே, என்ன மேடம் இது, பத்து வருஷம் கூட வேலை பார்த்திருக்கேன்..."

"அவங்க வரைஞ்ச படத்துல இருக்குமில்ல? கீழ 'வரைந்தவர்'னு ஒரு கட்டம் இருக்குமே?"



"அதுல... நம்ம ஆபீஸ்ல வரையறவங்க பேரு போடறதில்ல மேடம். என் பேருதான் போடறது. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான் வழக்கம்."

பத்து வருடம். ஒரு படத்தில்கூட இல்லை. அந்த மனுஷியின் பெயர் இருந்த ஒரே இடம் இந்த சர்வர். அதையும் நான்தான் ஒரே தட்டலில் துடைத்துப் போட்டேன்.

கடைசியாக ஒரு வழி இருந்தது. நான் செய்த வேலை ஒவ்வொன்றையும் சர்வர் தன் பதிவில் வைத்திருக்கும். அந்த நாளுக்குப் போனேன். யூசர் நீக்கம் என்ற வரியைக் கண்டுபிடித்தேன்.

நீக்கப்பட்டவர் பெயர் இருந்தது.

என் தங்கையின் பெயர்.

கத்திவிட்டேன். "குட்டி! குட்டி!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். பதிலுக்கு நெட்டி முறிக்கிற சத்தம் வந்தது. அது போனிலிருந்து வந்ததா, அறைக்குள்ளிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரைபடத்தைத் திறந்தேன். 'என் அறை'யின் கதவு, ஒரு விரற்கடை மிச்சம்.

அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். வெற்று எண்ணில் அது தங்காது. உயிரோடிருக்கிற ஓர் ஆள் வேண்டும். யாருடைய பெயரைப் போடுவேன்? மேனேஜர் பெயரைப் போடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லவில்லை, விரல் அதற்குத்தான் முதலில் போனது. அவர் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பது ஞாபகம் வந்தது.

குட்டியை, வரிசையில் முன்னால் யாருக்கும் கொடுக்காமல் கிடந்த ஒரு புது எண்ணுக்கு மாற்றினேன். பழைய எண்ணின் மேல் என் பெயரை எழுதினேன்.

எழுத்து எழுத்தாக. தப்பில்லாமல்.

ஃபைல்கள் மாறின. ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, என் பெயருக்கு. காத்திருந்தேன். திரும்பிப் போகவில்லை.

தைல நெடி குறைந்தது. போனில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா? எதுக்கு வெளிய பூட்டிட்டுப் போன? லூசா நீ? எனக்குப் பசிக்குது."

அந்த 'லூசா நீ'யைக் கேட்டு நான் அழுத அழுகை இருக்கிறதே! தரையில் உட்கார்ந்து, கேபிள் குப்பைக்கு நடுவில், வாய்விட்டு அழுதேன். கிளம்புமுன் வரைபடத்தை இன்னொரு தடவை திறந்தேன். வாசல் கதவு வந்துவிட்டது. கூடத்து ஜன்னலும். குட்டி அறைக் கதவும் முழுசாக இருந்தது, அந்த அறையில் இப்போது பெயரேதும் எழுதியிருக்கவில்லை.

என் அறையை நான் பார்க்கவில்லை. பார்க்கவேண்டாம் என்றே மூடினேன்.

அந்த வேலையை விட்டுவிடு என்று குட்டியிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவளுக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. "எத்தனை நாள் கழிச்சு கிடைச்ச வேலைக்கா. சேர்த்துவிட்டதே நீதான்," என்றாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது, அலுவலகத்திலும் மாடிப்படி ஓரத்துப் பழைய மேசைக்கே மாறிக்கொண்டாள். அம்மாவின் புடவையை அவளே எடுத்துத் தலையணைக்குப் போட்டுக்கொண்டாள். சரி, அவள் எண் சுத்தமான எண், அவளுக்கு ஒன்றும் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேனேஜரிடம் மட்டும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன்: சர்வரில் என் பெயர் இருக்கிறது, யார் சொன்னாலும் அதை எடுக்காதீர்கள். தலையாட்டினார். படங்களில் வரைந்தவர் பெயர் போடுங்கள் என்றும் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

எனக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான், ஆகவே பயப்படவில்லை. வெளிச்சம் ஆகவில்லை. வேலைக்குப் போவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். என் அறைக்குள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். குட்டி வேலைக்குப் போகும்முன் நெற்றியில் தைலம் தடவிவிட்டுப் போவாள். அவள் கை குளிர்ச்சியாக இருக்கும். அது போதும் என்று இருந்தது, சத்தியமாகப் போதும் என்று இருந்தது.

இன்று மதியம் அவள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். குரலில் உற்சாகம்.

"அக்கா, படுத்திருக்கியா? மாத்திரை போட்டியா? இங்க ஒரே அமர்க்களம். நீதான் வரமாட்டேங்கறியே, மேனேஜர் வேற ஒரு நெட்வொர்க்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கார். செம ஸ்பீடு. வேலை பார்க்காதவங்க பேரெல்லாம் சர்வர்ல இருந்து எடுத்துக்கிட்டே வர்றார்."

எழுந்து உட்கார்ந்தேன். "குட்டி. மேனேஜர கூப்பிடு. என் பேர எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. ஓடு."

"அதான்க்கா சொல்ல வந்தேன், சிரிப்பா இருக்கும் கேளு. 'இந்தக் கடைசிப் பேரு யாரோடது'ன்னு அவர் கேட்டாரு. எங்கக்காதான், எடுக்காதீங்கன்னேன். 'அக்கான்னா? பேரச் சொல்லுங்க'ன்னாரு." அவள் சிரித்தாள். "சட்டுனு வரலக்கா! பொறந்ததுல இருந்து அக்கான்னே கூப்பிட்டுக் கூப்பிட்டு... மேனேஜருக்கும் வரல. நீயே சொல்லேன், உன் பேரு என்ன?"

வாயைத் திறந்தேன்.

அம்மா எந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள் என்று யோசித்தேன். அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"அக்கா? இருக்கியா?"

"எடுக்க வேண்டாம்னு சொல்லுடி."

"எடுத்துட்டாரே. புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு, இப்ப அதோட பேரத்தான் சர்வர்ல போட்டுக்கிட்டு இருக்கார். ஓரத்து சீட்ல உட்கார வச்சிருக்காங்க, பாவம், பயந்துபோய் இருக்கு." குட்டி நிறுத்தினாள். "அக்கா, என்ன சத்தம் அது? நீ எப்ப இருந்து நெட்டி முறிக்க ஆரம்பிச்ச?"

நான் முறிக்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்திருந்தேன். இன்னொரு கை, இருட்டில், என் அறைக் கதவைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.